மலைக்குப் போட வேண்டியது ஒல்லி டயர்

கெப் (பின்னால் பாரம் ஏற்றுகிற பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் டயர் பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சு கடைசியில் அகலத்தில் போய்த்தான் நிற்கும். முப்பத்தொன்று பத்தரை (31 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம்) போட்டாயா, ரிம் எவ்வளவு வெளியே நிற்கிறது, மட்கார்ட் வெட்டினாயா என்று கேட்பார்கள். பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலை மலைகளுக்கு நடுவே நாளாந்தம் பாரம் ஏற்றி இறக்குகிற ஒரு கெப்புக்கு மட் டயர், அதாவது சேற்றுக்கென்று செய்த டயர், போடுவதென்றால் ஒல்லியாகவும் உயரமாகவும் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், போட்ட பிறகு அந்த டயரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பாதைகளை மனதில் வைத்துத் தமிழில் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், தோட்டத்தின் மேல் பிரிவில். கரட், லீக்ஸ், கிழங்கு ஏற்றிக்கொண்டு லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கி, அங்கிருந்து ஏ7 பாதையில் நுவரெலியா போவதுதான் வழக்கமான ஓட்டம். பெரும்பகுதி தார் ரோடு. கஷ்டமெல்லாம் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) தார் ரோட்டுக்கு வருகிற அந்தச் சில கிலோமீற்றரில்தான். கொழுந்து லொறி போவதற்காக அந்தக் காலத்தில் கருங்கல் அடுக்கிப் போட்ட பாதை அது. கல்லுக்கு இடையில் இருந்த மண்ணெல்லாம் மழையில் கழுவுப்பட்டுப் போய், சில இடத்தில் கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், சில இடத்தில் மேலே மலையிலிருந்து வழிந்த செம்மண் அந்தக் கல்லை மூடிக் களியாகக் கிடக்கும். நடுவே இரண்டு மூன்று வளைவுக்கு மட்டும் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். வைகாசி பிறந்து தென்மேல் பருவமழை பிடித்தால் புரட்டாசி வரைக்கும் அந்தக் களி காய்வதில்லை.

இந்தக் களியைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும், டயர் அளவு முழுக்க அதைப் பொறுத்ததுதான். வயல் சேறு மாதிரி இது அடியில்லாத சேறு கிடையாது. மேலே மூன்று நாலு அங்குலம் வழுக்குகிற களி, அதற்குக் கீழே இறுகிய கல் தளம். அகலமான டயர் அந்தக் களியின் மேலேயே மிதக்கும், மிதந்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்வோ அந்தப் பக்கம் போகும், எங்கள் பாதைகளில் சாய்வு பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம். ஒல்லி டயர் அதே பாரத்தைச் சின்ன இடத்தில் அழுத்துவதால் களியைக் கிழித்துக்கொண்டு இறங்கிக் கல்லைப் பிடிக்கும். கிழக்குக் கரை மணலில் ஓடுகிறவர்களுக்கு இது தலைகீழ், அவர்களுக்கு மிதப்பதுதான் வேண்டும், அகலம்தான் சரி. எந்த மண்ணில் ஓடப்போகிறோம் என்று கேட்காமல் எந்த டயர் நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

என்னுடையது தொண்ணூறுகளின் ஹைலக்ஸ் டபுள் கெப். முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங், முன்னாலும் முழு அச்சு, சக்கரத்தின் நடுவில் கையால் திருகிப் பூட்டுகிற ஹப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் இந்த மாதிரிப் பழைய வண்டிகளைப் பொன் போல வைத்துக்கொள்ள எல்லோருமே கற்றுக்கொண்டோம். கம்பனி கொடுத்த அளவு 205R16, அதாவது அகலம் 205 மில்லிமீற்றர், ரிம் 16 அங்குலம். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 743 மில்லிமீற்றர். நான் எடுத்தது LT215/85R16 என்கிற மட் டயர். இதன் விட்டம் 772 மில்லிமீற்றர், அதாவது 29 மில்லிமீற்றர் கூட. அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும், அச்சுக்கு அடியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கிடைக்கும். சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் அச்சின் நடுவில் தொங்குகிற டிஃப்ரென்ஷல் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல் பெட்டி) உருண்டை கல்லில் உரசுவதும் உரசாமல் போவதும் அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது. அகலம் பத்து மில்லிமீற்றர்தான் கூடியது. முப்பத்தொன்று பத்தரை என்றால் அகலம் 267 மில்லிமீற்றர், ரிமும் 15 அங்குலத்துக்கு மாற்ற வேண்டும்.

விட்டம் நாலு வீதம் கூடினால் மற்ற எல்லாமும் நாலு வீதம் நகரும். மீற்றர் 50 காட்டும்போது வண்டி 52இல் போகும். முதல் கியர் கொஞ்சம் நீளும், ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்தி எடுக்கும்போது கிளச் அதை உணரும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் அதே அளவு குறையும். நாலு வீதம் தாங்கும். இதுவே எட்டு, பத்து வீதம் என்று போனால் டிஃப்ரென்ஷல் பல்லையும் மாற்ற வேண்டிய கதையாகிவிடும், தொழில் வண்டிக்கு அந்தச் செலவு நியாயமில்லை.

டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். 115/112Q என்றிருந்தால் 115 என்பது தனி டயர் தாங்குகிற பாரக் குறியீடு, 1215 கிலோ. 112 என்பது பின்னால் இரட்டை டயர் போடுகிற வண்டிக்கு, 1120 கிலோ. Q என்பது மணிக்கு 160 கிலோமீற்றர் வரை. எங்கள் ரோட்டில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை, ஆகவே Q என்று பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பிறகு DOT என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. கட்டை (தரையைப் பிடிக்கிற ரப்பர் மேடு) புத்தம் புதிதாக இருந்து வருடம் பழசாக இருந்தால், அது கடை மூலையில் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்த டயர். ரப்பர் இறுகிப் போயிருக்கும், இறுகிய ரப்பர் ஈரத் தாரில் எதையும் பிடிக்காது.

டயர் கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். அளவைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "தம்பி, இந்த சைஸ யாரும் கேக்கிறதில்ல, கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்கணும். அகலமானது நாலு கையில கெடக்கு, வெலய கொறைச்சுத் தாரேன், போட்டுட்டுப் போங்க."

"இல்லண்ணே, வரட்டும். நான் காத்திருக்கேன். அஞ்சா எடுங்க."

"அஞ்சாவதும் புதுசா?"

"அஞ்சும் ஒரே சைஸா இருக்கணும்ணே, ஃபோர் வீல் போடுற வண்டி."

அந்த ஐந்தாவது டயரைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஹைலக்ஸ் மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பழைய அளவு ஸ்பெயாரை ஒரு மூலையில் மாட்டிவிட்டு ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரமும் ஒன்றோடு ஒன்று இழுபறி படும், அந்த இறுக்கம் முழுதும் ட்ரான்ஸ்ஃபர் கியர் பெட்டியில் போய்ச் சேரும். பஞ்சர் ஆவது எப்போதும் சேற்றில்தான், ஃபோர் வீல் வேண்டியிருப்பதும் அங்கேதான்.

பூட்டுகிற அன்று முழு நேரமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றி, காற்று விட விட டயர் ஓரம் மெல்ல ஊர்ந்து வந்து "டப்" என்று ஒரு பக்கம், "டப்" என்று மறுபக்கம் உட்காரும். அந்த இரண்டு சத்தமும் கேட்ட பிறகும் ரிம் ஓரத்தைச் சுற்றி ஓடுகிற மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவு தெரிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் அங்கே சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பெலன்ஸ் பண்ணும்போது சாதாரண டயரை விடக் கூட ஈயம் கேட்கும். கட்டை பெரிதாக இருக்கிற டயர் அப்படித்தான், பயப்பட வேண்டாம். அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, லீஃப் ஸ்பிரிங்கிலோ மட்ஃபிளாப்பிலோ உரசுகிறதா என்று வெறும் வண்டியில் ஒரு தடவையும் பாரம் ஏற்றி ஒரு தடவையும் பாருங்கள். நட்டுக்களைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கிவிட்டு, முதல் நூறு கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்க வேண்டும்.

இனிச் சேறு. மட் டயரின் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருப்பது மண்ணை உதறத்தான். வேகமாகச் சுற்றினால் களி பிய்ந்து பறக்கும், கட்டை மறுபடி வெறுமையாகி அடுத்த பிடிக்குத் தயாராகும். சமவெளியில் எக்ஸலேட்டரை மிதித்து அதைச் செய்யலாம். எங்கள் பாதையில் ஒரு பக்கம் கான் (வடிகால்), மறுபக்கம் தேயிலை மலை கீழ்நோக்கிச் சரியும், அங்கே சக்கரத்தைச் சுழற்றினால் முதலில் நகர்வது பின்பக்கம். அதனால் டயர் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும் என்பதை மலையில் நம்பியிருக்க முடியாது. லோ ஃபோரில் (ஃபோர் வீலின் மெதுவான, விசை கூடிய நிலையில்) இரண்டாம் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கியர் மாற்றுவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை அளவு இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போனால் முன் டயரின் பக்கக் கட்டைகள் பள்ளத்தின் ஓரச் சுவரைக் கடித்து ஏறும். பக்கக் கட்டை நன்றாக இருக்கிற டயராகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பின் சக்கரத்தில் ஒன்று மட்டும் சும்மா சுற்றி மற்றது அசையாமல் நின்றால் கைபிரேக்கை மெல்ல ஒன்றிரண்டு பல் இழுத்துப் பிடியுங்கள். சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கொடுத்தால் டிஃப்ரென்ஷல் மறுபக்கத்துக்கும் விசையைத் தள்ளும். லொக் டிஃப்ரென்ஷல் இல்லாத வண்டிக்கு இது பெரிய உதவி.

எல்லாவற்றையும் விடக் காற்றுதான் முக்கியம். வெறும் வண்டியில் தார் ரோட்டுக்கு முன்னால் 30, பின்னால் 32 பீ.எஸ்.ஐ. வைக்கிறேன். பாரம் ஏற்றினால் பின்னால் 45. களி ஏறுவதற்கு முன் வெறும் வண்டியாக இருந்தால் 20க்கு இறக்குவேன், அப்போது டயர் தரையில் படுகிற இடம் நீளவாக்கில் கூடும், அகலத்தில் அவ்வளவாகக் கூடாது, ஆகவே களியைக் கிழிக்கிற குணம் போகாமல் பிடி மட்டும் ஏறும். கல்லும் அவ்வளவு குத்தாது. பாரத்தோடு 28க்குக் கீழே இறக்குவதில்லை, பக்கச் சுவர் மடிந்து கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டினால் கிழிந்துவிடும். 15க்குக் கீழே என்பது எனக்கு எந்த நிலையிலும் இல்லை, வளைவில் டயர் ரிம்மை விட்டே கழன்றுபோகலாம். இறக்குவதற்குக் காற்றளவுக் கருவி, ஏற்றுவதற்கு பெற்றரியில் மாட்டுகிற சின்ன கொம்பிரசர், இவை இரண்டும் இல்லாமல் மட் டயர் வாங்குவது பாதிப் பணத்தை ஆற்றில் போடுகிற வேலை.

காற்றைப் பற்றி இன்னொன்று, கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 3 பீ.எஸ்.ஐ. குறைவு. டயருக்குள் இருக்கிற காற்று அப்படியே இருக்கும், ஆனால் நம் கருவி உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். ஆகவே மேலே 32 வைத்த டயர் உயரக் கணக்கில் மட்டும் கீழே 29 காட்ட வேண்டும். ஆனால் விடியற்காலைக் குளிரில் புறப்பட்டுக் கீழே வெக்கைக்குப் போகும்போது பத்துப் பாகை வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை பீ.எஸ்.ஐ. கூடும், ஓடிய சூடும் சேரும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும். அதனால் அவிசாவளையில் நிறுத்திச் சூட்டோடு சூடாகக் காற்றைத் திறந்துவிடாதீர்கள், ஆறிய பிறகு பாருங்கள்.

சரி, தார் ரோடு. மட் டயர் போட நினைக்கிற தம்பிமாருக்கு நான் உண்மையிலேயே அக்கறையோடு சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஈரத் தாரில் மட் டயர் சாதாரண டயரை விட மோசம். இடைவெளி பெரிது என்பதால் தரையில் படுகிற ரப்பர் குறைவு, கட்டைகளில் தண்ணீரைக் கிழிக்கிற மெல்லிய கீறல்களும் குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரம் நீளும். பழைய கெப்பில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கிடையாது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா போகிற வழியில் சைப்பிரஸ், யூகலிப்டஸ் மர நிழல் விழுகிற வளைவுகளில் தார் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், மேலே இலை விழுந்து நசிந்து கிடக்கும், பஸ்ஸில் இருந்து சிந்திய டீசல் முதல் மழையோடு மினுங்கும். அங்கே நான் முன்னால் போகிற வண்டிக்கு விடுகிற இடைவெளி பழைய டயரில் விட்டதைப் போல இரண்டு மடங்கு. பாசி பிடித்த கொங்கிரீட் இறக்கமும் அப்படித்தான், களியில் புலியாக ஏறுகிற டயர் அங்கே வழுக்கும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக்கைத் தேடக் கூடாது.

வழுக்குகிறதே என்று ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு தாரில் வளைவெடுப்பதும் சரியில்லை, மேலே சொன்ன இழுபறி அங்கேயும் வரும், நிற்கிற தூரமும் அதனால் குறையப் போவதில்லை.

தோட்டப் பாதையிலிருந்து தார் ரோட்டில் ஏறுகிற சந்தியில் ஒரு நிமிடம் செலவிடுங்கள். கட்டைக்குள் அடைத்துக்கொண்டு வருகிற களி, வண்டி வேகம் பிடித்ததும் கட்டி கட்டியாகக் கழன்று விழும். பின்னால் வருகிறவர் மோட்டார் சைக்கிளிலோ ஆட்டோவிலோ வரலாம், தாரில் படிந்த ஈரச் செம்மண் அவர்களைச் சாய்த்துவிடும். நான் சந்திக்கு முன்னாலேயே ஓரங்கட்டி, பழைய ஸ்குரூ ட்ரைவரால் குடைந்து விடுவேன். அப்போதுதான் சிக்கிய கற்களும் கண்ணில் படும். இரண்டு கட்டைக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறங்கிய கூரான கல்லை விட்டுவைத்தால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ரிம்மின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். அங்கே அப்பிய களி காய்ந்துவிட்டால் 60இல் ஸ்டியரிங் நடுங்கும், பெலன்ஸ் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள், தண்ணீரடித்துக் கழுவினால் போதும்.

சத்தம் உண்டு. புதிதில் மெல்லிய ஊளை, தேயத் தேயக் கூடும். வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது கீழ் வளைவில் வரும்போதே நான் வருவது தெரிந்து கேத்தலை அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும், டயர் கனம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்று வாரக் கணக்கில் டீசல் வாங்கிய காலத்தை எண்ணிப் பார்த்தால் அது சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியிருந்தும் ஏன் போட்டிருக்கிறேன் என்றால், மழை இரவில் மேல் பிரிவில் யாருக்காவது முடியாமல் போனால் தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். ஆட்டோ ஏறாத பாதை அது. இந்தப் பாதை மனுசர் போகிற மாதிரி இருந்தால் எனக்கு இந்த டயரே வேண்டாம். தோட்டத்துப் பாதை யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள், இதற்குள் சனம் நோயாளியைச் சாக்குத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அது எனக்கு ஆத்திரம்தான்.

ஆனால் டயரை நம்பிப் போகக் கூடாத இடமும் இருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகம் முழுக்க மலைகளை உடைத்துப் போட்டது. சரிந்து வந்த மண் பாதைச் சேறு கிடையாது, அதற்கு அடியில் தளம் இல்லை, மேலே இன்னும் வரவேண்டியது நிற்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கும். சிவப்பு என்றால் வண்டியை எடுப்பது ஆட்களை வெளியே கொண்டுவர மட்டும்தான். பாதையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கி ஓடுவது, இவற்றைக் கண்டால் எந்த டயர் போட்டிருந்தாலும் திரும்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றித் தோண்டிவிட்டுப் போகிற பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும், அதற்கடுத்த மழையில் கொழுந்து லொறி ஏறாது. கானை உடைக்காதீர்கள்.

தேய்மானத்துக்கு வருகிறேன். மட் டயர் சீராகத் தேயாது, ஒவ்வொரு கட்டையும் ஒரு ஓரம் கூராகவும் மறு ஓரம் மழுங்கியும் போகும், உள்ளங்கையை டயரில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தால் தெரியும். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும், ஐந்தும் ஒரே விட்டத்திலும் இருக்கும். முழு அச்சு வண்டியில் அலைன்மென்ற் என்றால் பெரிதாகச் சரிசெய்ய இருப்பது முன் சக்கரங்களின் உள்வாங்கல் (முன்பக்கம் உள்நோக்கித் திரும்பி நிற்கிற அளவு) மட்டும்தான், இடம் மாற்றும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டை பாதிக்குக் கீழே போனால் களியில் பிடிப்பு சட்டென்று விழும். தாரில் அந்த டயர் இன்னும் நெடுங்காலம் ஓடும், அதை விற்றுவிட்டு அடுத்த செட்டுக்குக் காசு சேர்க்கலாம். என்னுடையது அந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. மீதி வளைவுகளுக்கும் கொங்கிரீட் போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. போட்டால் அடுத்த செட்டை இதே அளவில் ஏ.டி. டயராக (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) எடுத்துவிடுவேன், ஈரத் தாரில் அதுதான் நிம்மதி. சித்திரைக்குள் கலவை வந்து இறங்காவிட்டால், மழைக்கு முன்னாலேயே கடைக்காரரிடம் ஐந்து மட் டயருக்குச் சொல்லிவைக்க வேண்டும், கொழும்பிலிருந்து வர நாளெடுக்கும்.